பனிக்கட்டிக்கு எந்த ஊர்

ஊரடங்கு அறிவித்த வாரம் இராமேஸ்வரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. அக்காவைத் தீவில் லாட்ஜ் நடத்துபவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் படித்துக்கொண்டே போய் வானியல் ஆராய்ச்சி மாணவியாகியிருந்தேன்.

கோயில் நடை சாத்தியிருந்தது, ரயில் ஓடவில்லை, லாட்ஜில் ஒரு ஆள் கிடையாது. வருகிற யாத்ரீகர்களிடமெல்லாம் ஓயாமல் பேசிப் பழகிய அத்தான், காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வெறும் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

என் லேப்டாப் திணறுவதைப் பார்த்து அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏத்தா, இங்கன கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்கு? இதுல ஓட்டேன். அப்படி என்னதான் கணக்குப் போடுற?"

சொன்னேன். சனிக்கும் நெப்டியூனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் ஒரு பனிக்கட்டி. பாறையும் தூசியும் கலந்தது; குறுக்கே அளந்தால் இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் வருகிற தூரம் இருக்கும். பெரிய கோள்கள் இழுத்தும் தள்ளியும் அலைக்கழிப்பதால் அந்த இடத்தில் எதுவும் நிலைத்திருக்காது. ஆகவே அது வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். நெப்டியூனைத் தாண்டிய பனிப்பட்டையிலிருந்தா, இல்லை சூரியக் குடும்பத்தின் கடைக்கோடியில் சூழ்ந்திருக்கும் பனி மேகத்திலிருந்தா என்பதுதான் கேள்வி. அதன் பாதையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப, எந்த ஊருன்னு கேக்குற!"

"ஆமா அத்தான். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தட்டுமுட்டுச் சாமான் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பனிக்கட்டி இப்போது இருக்கும் இடத்தை அளப்பதில் எப்போதும் இம்மியளவு பிழை இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிய பல நகல்களை ஓடவிடுவோம் என்றேன். "எல்லாம் ஒரே சாடையில இருக்கிற ஒரு குடும்பத்து ஆளுக மாதிரி" என்று அதைத் தானே அக்காவுக்கு விளக்கினார். அக்கா ரெக்சின் சோபாவில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலை நான் இறங்கி வந்தபோது இரண்டு திரையும் இருட்டாக இருந்தன. அத்தான் தலை குனிந்து நின்றார்.

"நாந்தான்த்தா அமத்திட்டேன். ராத்திரி கதவப் பூட்டையில மெயின் சுவிச்சக் கீழ இறக்குறது பழக்கம். கை தன்னால போயிருச்சு."

ஒரு வாரத்து ஓட்டம். இடையிடையே சேமித்து வைக்கும் ஏற்பாட்டை நான் செய்திருக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவர் முகம் அதைவிட மோசமாக இருந்ததால் அழவும் முடியவில்லை.

அக்காதான் காப்பியோடு வந்து நின்று, "லட்சக்கணக்கான வருசம் பின்னாடி போனத ஒத்த சுவிச்சுல திருப்பிக் கொண்டாந்துட்டாக" என்றாள். முதலில் நான் சிரித்தேன். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். கச்சான் என்கிற மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அங்கே கரண்டு நினைத்தால் போகும். அத்தான் மாடி அறைகளின் இன்வெர்ட்டரை இறக்கி இரண்டு கம்ப்யூட்டருக்கும் இணைத்தார். மெயின் பெட்டிக்கு அக்கா ஒரு பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முடிவு வந்த மதியம் மூவரும் திரை முன்னால் இருந்தோம். நகல்களில் பெரும்பாலானவை நெப்டியூனைத் தாண்டிய பட்டைக்குப் போயிருந்தன. கொஞ்சம் தொலைதூர மேகத்துக்கு. மற்றவை இன்னும் கோள்களுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தன.

"அப்ப உறுதியாச் சொல்ல ஏலாதா?" என்றார் அத்தான்.

"பட்டையிலேர்ந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா நடுவுல ஒருக்கா சனிக்கு ரொம்பக் கிட்டப் போயிருக்கு அத்தான். அதுக்கு முந்தி நடந்தத யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ, "எங்க பாட்டனுக்கு முந்தி நாங்க எந்த ஊருன்னு எங்களுக்கே தெரியாது. நீ இம்புட்டு கண்டுபிடிச்சதே பெருசு" என்றார்.

ஊரடங்கு தளர்ந்து கோயில் நடையைத் திறந்தார்கள். கடலில் குளித்த ஈரத் துணியோடு வடநாட்டுக் குடும்பம் ஒன்று வந்து இறங்க, அத்தான் தன் அரைகுறை இந்தியோடு வாசலுக்கு ஓடினார். கம்ப்யூட்டர்களை ஓரம் தள்ளி, சோபாவைத் துடைத்து, போர்வை உதற அக்காவோடு மாடிக்குப் போனேன். அடுத்த வாரம் பஸ் ஏறினேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் அதே கணக்கு ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. போன மாதம் போனில் அக்கா, லாட்ஜ் நிறைய ஆள், உட்கார நேரமில்லை என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் உப்புக்காற்று வீசும் அந்த ஆளில்லாத வரவேற்பறையை, திரையில் புள்ளிகள் நகர மூவரும் காத்திருந்த பகல்களை, நினைக்காமல் இருக்க முடிவதில்லை.