சந்தனப் பொட்டு வைத்த ஒரிஜினல் சிடி

2003-ம் வருடம், ஆயுத பூஜை சமயம். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தோம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, மனு கொடுக்க வருபவர்களுக்கு டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் என் மாமனாருடையது.

மாமா ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்து ரிடையரானவர். மாமியார் தவறிய பிறகு ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் சாப்பிட வருவார், கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஆடலாம் என்று என் கணவர் சொன்ன அன்றுதான் எழுந்து உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டார். கடைத்தெருவில் அந்த கேமின் காப்பி சிடி மலிவாகவே கிடைத்தது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பில்லு இல்லாத பொருள் நம்ம வூட்டுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, சென்னைக்கு பஸ் ஏறிப் போய் ஒரிஜினலே வாங்கி வந்தார்.

அதன்பிறகு ஆளே மாறிவிட்டார். தினம் ஒரு மேட்ச். தோற்றால் அம்பயருக்குத் திட்டு விழும். மனு எழுத வந்தவர்களிடம்கூட ஸ்கோர் சொல்வார், சிடியைத் தூக்கிக் காட்டி "ஒரிஜினலுங்க" என்பார். வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆயுத பூஜை அன்று மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேஜை மேல் அந்த சிடி இருந்தது. மாமாவின் உயிரே இதில்தானே இருக்கிறது என்று அதற்கும் வைத்தேன். படம் போட்ட பக்கத்தில் வைத்தால் படம் மறைந்துவிடும் என்று பளபளப்பான பக்கத்தில், மூன்று இடத்தில்! என் புத்தியை என்ன சொல்ல? மறுநாள் விஜயதசமி. காய்ந்து போன சந்தனத்தை ஈரத்துணியால் சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். கீறல் கீறலாக விழுந்துவிட்டது.

அன்று மதியம் மாமா ஆட உட்கார்ந்தார். கேம் என்னவோ கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல் சிடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கும். திருட்டு காப்பியைத் தடுக்க வைத்த பூட்டாம். சிடியைப் போடு, சிடியைப் போடு என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது, அவரும் எடுத்து எடுத்துப் போட்டார்.

"மிஷின்ல தூசு போயிருக்கும் மாமா, பாத்துட்டு சொல்றேன்" என்றேன். நான் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

சென்னைக் கடைக்கு போன் செய்தேன். கீறலுக்கு நாங்கள் பொறுப்பில்லை, அந்த கேம் இப்போது ஸ்டாக்கும் இல்லை என்றார்கள். முன்ஜாக்கிரதையாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளவும் விடாத சிடி அது. மூன்று நாள் மதியம் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பழைய மாதிரி ஆகிவிடுவாரோ என்று எனக்கு பயம் வந்துவிட்டது.

நாலாவது நாள், காப்பி சிடி விற்கும் அந்தக் கடைத்தெருக் கடைக்கே போனேன். கடைக்காரர் சிடியைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். சிரிக்கவில்லை.

"ஒரிஜினல் வாங்குனவங்கதான்க்கா இப்படி வந்து நிக்கிறாங்க. நான் விக்கிற காப்பில இந்தத் தொல்லையே கெடயாது. பூட்ட கழட்டிட்டுத்தான் விக்கிறோம்" என்றார். சிடி கேட்காமலே கேமைத் திறக்க வைக்கும் சின்ன ஃபைல் ஒன்றை ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "கேமுக்குத்தான் கம்பெனிக்காரனுக்கே குடுத்துட்டீங்களே, போங்கக்கா."

ஃபைலைப் போட்டதும் கேம் ஓடியது. சிடியைத் துடைத்தேன், சரியாகிவிட்டது என்று மாமாவிடம் இரண்டாவது பொய்யும் சொன்னேன். அவர் தினமும் அந்தச் செத்த சிடியை அலுங்காமல் உள்ளே வைத்துவிட்டு ஆடுவார். அதைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சிடியைப் போட மறந்துவிட்டு கேமைத் திறந்திருக்கிறார். அது திறந்துகொண்டது. என்னைக் கூப்பிட்டார்.

"சிடி போடாமயே ஓடுதேம்மா?"

சந்தனத்தில் தொடங்கி ஃபிளாப்பி வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் சிடியை எடுத்துத் திருப்பிக் கீறல்களைப் பார்த்தார். "சந்தனம் வெச்சது தப்பில்லம்மா, தெரியாம நடந்துடுச்சு. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஆட்டத்தை அவர் நிறுத்தவில்லை. ஆனால் பில்லில்லாத ஃபைலில் ஓடும் ஆட்டம் என்பதால், அன்றிலிருந்து ஆட உட்காரும் முன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வருவார். வெளியே ஆள் சத்தம் கேட்டால் மானிட்டரை அணைத்துவிடுவார். முழு விலை கொடுத்து வாங்கிய மனிதர், தன் சொந்தப் பொருளைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்து ஆடினார். அந்தப் பூட்டைப் போட்டவர்களை இப்போது நினைத்தாலும் வாய்விட்டுத் திட்டுவேன். பாதித் திட்டிலேயே நான் சொன்ன பொய் நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடும்.