கூண்டு காலியான நாள்

நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவர் தலையெழுத்தைச் சொல்லுகிற பிழைப்பு, திசுப் பரிசோதனை வேலை. உங்களில் யாராவது இதில் மாட்டிக்கொண்டிருந்தால் என் பாடு புரியும். ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டெக்னீஷியன்.

திரியாத முடிச்சு

பிரேசர் டவுன் தையற்காரர் மரியதாஸின் மனைவி ரோஸம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சிலும் நிழல். டி.பி.யாகத்தான் இருக்கும் என்று கைக்குழந்தையைப் பிரித்து அவளைத் தனி வார்டில் போட்டுவிட்டார்கள்.

கழுத்திலிருந்து வெட்டிய துண்டுக்குச் சாயமேற்றிப் பார்த்தேன். சிவப்பாகத் தெரிய வேண்டிய கிருமி ஒன்றுகூட இல்லை. டி.பி. கிருமி திசுவில் உண்டாக்கும் முடிச்சின் நடுப்பகுதி செத்து, திரிந்த பால் போல இருக்கும். இதில் அதுவும் இல்லை. இது டி.பி. மாதிரியே வேஷம் போடும் சார்காய்டு, தொற்றாது, குழந்தையைக் கொடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. டாக்டர் ராவ் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் பொறு. கண்ல படலைன்னா கிருமியே இல்லைன்னு ஆயிடுமா? கினிப் பன்றிகிட்ட கேட்போம்."

கேரட்

கேட்பது என்றால், அதே கட்டியின் பச்சைத் துண்டை அரைத்து, முயலுக்கும் எலிக்கும் நடுவிலிருக்கும் அந்தப் பிராணிக்கு ஊசி போட்டு ஆறு வாரம் காத்திருப்பது. டி.பி. என்றால் அதற்கும் வரும். வார்டில் யாரோ மரியதாஸிடம், பன்றி பிழைத்தால் உன் மனைவி பிழைப்பாள் என்று சுருக்கிச் சொல்லிவிட்டார்கள்.

மனுஷர் தினமும் கூண்டுக்குக் கேரட்டோடு வந்தார். அது சோம்பிப் படுத்தால் அன்று அவருக்கும் சோறு இறங்காது. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் கம்பிக்குள் விரலை விட்டு அதன் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீ நல்லா இருக்கணும் கண்ணு. என் புள்ளைக்குத் தாய் வேணும்."

காலிக் கூண்டு

கெடு முடிந்ததும், பன்றி எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அதைக் கொன்று ஈரல், மண்ணீரலைப் பார்த்தாக வேண்டும். அதுதான் முறை. பார்த்தோம், எல்லாம் சுத்தம். சார்காய்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நான் வார்டுக்கு ஓடிய நேரத்தில் மரியதாஸ் வந்திருக்கிறார். காலிக் கூண்டைப் பார்த்தவர், பன்றி நோயில் செத்துவிட்டது என்று நினைத்து யாரையும் கேட்காமல் திரும்பிவிட்டார். அன்றே குழந்தையைப் பிள்ளையில்லாத தன் அக்காவோடு கோலாருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள், பன்றியை நாங்கள்தான் கொன்றோம் என்று தெரிந்து அவர் கோலாருக்கு ஓடிப் போய் எவ்வளவோ சொல்லியும் அக்கா நம்பவில்லையாம்.

சில மாதம் கழித்து ரோஸம்மா கழுத்தைக் காட்ட வந்தாள். வீக்கம் வற்றியிருந்தது, கையில் குழந்தை இல்லை. இன்னுமா தரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "பன்னிதான் செத்துப்போச்சேங்கறாங்க சார் எங்க நாத்தனார். புள்ளைய தொடவே விடமாட்டேங்கறாங்க."

டி.பி.யையும் சார்காய்டையும் பிரித்துக் காட்ட எங்களிடம் சாயமும் கண்ணாடியும் இருந்தன; கொன்ற பன்றியையும் செத்த பன்றியையும் பிரித்துக் காட்டத்தான் எதுவும் இருக்கவில்லை.