கோமதியின் நோட்டில் இருபத்தாறாவது போர்வை

மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் ஓரத்துக் காய்கறிக் கடையில், உலகிலேயே நீளமான முருங்கைக்காயைத் தேர்ந்தெடுக்கும் மாபெரும் பணியில் நான் இருந்தபோது போன் அடித்தது. கோமதியின் மகள் உமா. "அங்கிள், அம்மா காலைல போயிட்டாங்க" என்றாள். முருங்கைக்காயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இனி அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது' என்ற நினைப்புதான் வந்தது. அது என்ன உண்மை என்பதை, அவரை அறிந்த நம் அலுவலக நண்பர்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

பதிவேடுப் பிரிவில் கோமதி எனக்கு எதிர் மேஜை. தொலைந்த ஃபைலை வாசனை பிடித்தே எடுப்பார். அவர் குண்டு குண்டாக எழுதும் குறிப்புகளைப் பார்த்தால் சோழர் காலத்துக் கல்வெட்டுக்காரன் உளியைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேடியிருப்பான். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற மறுவாரமே பழைய புடவைகளைத் துண்டு போட்டு ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தார். "கோமதிம்மா, இந்த ஊரில் வேப்பமரமே விசிறி கேட்கிறது. போர்வை யாருக்கு?" என்றேன். "ஏசியப் போட்டுட்டு எல்லாரும் நடுங்குறாங்களே சார், அவங்களுக்குத்தான்" என்றார்.

போர்வையைவிட அவர் வைத்திருந்த நோட்டுதான் பெரிய விஷயம். அலுவலகத்தில் பார்த்தது போன்ற நீள நோட்டு. போர்வைக்கு ஒரு பக்கம். யாருடைய துணி, யாருக்குத் தந்தது என்று எழுதி, ஒவ்வொரு துணியிலும் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி அங்கேயே ஒட்டியிருப்பார். அதோடு விடமாட்டார். வருஷா வருஷம் மார்கழியில் ஒவ்வொருவருக்கும் போன் செய்து போர்வை நலம் விசாரித்து, சொன்னதை எழுதிக்கொள்வார். "குடுத்ததோட முடிஞ்சிடுமா சார்? ஃபைல் மாதிரிதான் துணியும். கைமாறினா குறிச்சு வைக்கணும்" என்பார்.

ஒருமுறை நான் கோமதி வீட்டில் இருந்தபோது அடையாறு அம்மாள் ஒருவர், தயங்கித் தயங்கி, போர்வையில் இப்போது நாய்தான் படுக்கிறது என்று போனில் சொன்னார். இடி விழப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். கோமதி பேனாவை எடுத்தார். "நாய் பேரு என்னங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். இவ்வளவுதான் அவருடைய கோபம். அதைக் கண்ணால் பார்த்தும் நான் பொய் சொன்னேன்.

என் மனைவி சாரதா போன பிறகு, அவளுடையதாக மிச்சமிருந்த ஆறு புடவைகளையும் ஒரு பையில் போட்டுக் கோமதியிடம் கொடுத்தேன். வீட்டில் இருக்க வேண்டாம் என்றுதான் கொடுத்தேன். எனக்கென்று தைக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் போர்வையோடு வந்து நின்றார். "சாரதாவோட மாம்பழ மஞ்சள் நடுவுல வர்ற மாதிரி பண்ணிருக்கேன் சார்." ஒரே ஒரு முறை போர்த்திக்கொண்டேன். கழுத்துவரை இழுத்ததும் மூச்சு முட்டியது. மறுநாள் காலை எங்கள் வாட்ச்மேன் ஏழுமலையிடம் நீட்டினேன்.

"இன்னா சார், புச்சா கீது. ஊட்ல வாணாமா?"

"எனக்குக் குளிரே கிடையாதுப்பா. நீ வச்சுக்கோ."

அந்த மார்கழியில் போன் வந்தது. "போர்வை எப்படி இருக்கு சார்?" நான் வாயைத் திறந்தேன், வழக்கம்போல அது தானாக ஓடியது. "மாம்பலத்தில் பனி கொட்டுகிறது கோமதிம்மா. பால் பாக்கெட்டைச் சுத்தியல் வைத்து உடைக்கிறோம். உங்கள் போர்வை மட்டும் இல்லையென்றால் என்னைக் கடப்பாறையால் பெயர்த்திருப்பார்கள்." அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். "எழுதிக்கிட்டேன் சார்." அடுத்த வருஷம், இமயமலைச் சாமியார் ஒருவர் அந்தப் போர்வைக்குத் தவத்தையே மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பதாகச் சொன்னேன். அதற்குள் ஏழுமலை குடும்பத்தோடு பெரும்பாக்கம் போய்விட்டார். போர்வையும் போயிற்று. ஒவ்வொரு மார்கழியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுப்பேன். ஏழு மார்கழி ஓடிவிட்டது. போன மார்கழியில் கோமதியின் குரல் நூலாக மெலிந்திருந்தது. "பிரமாதமாக இருக்கிறது" என்றேன். "சரி சார். துவைக்கும்போது மஞ்சளை முறுக்கிப் பிழியாதீங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். உமா நோட்டைக் கொண்டுவந்து இருபத்தாறாம் பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். "சாரதாவின் புடவை ஆறு. சாருக்கு" என்றிருந்தது. அதன் கீழே, அதே மாதத் தேதியில்: "கைமாறியது. ஏழுமலை, வாட்ச்மேன். சாரைப் பார்க்கப் போனபோது கேட் அருகே நாற்காலியில் மடித்து வைத்திருந்தார். நன்றாக வைத்திருக்கிறார். சாரிடம் கேட்க வேண்டாம். அவராகச் சொல்லட்டும்." அதற்கும் கீழே ஏழு வரிகள். என் பனி, என் பால் பாக்கெட், என் சாமியார், எல்லாம் ஒரு சொல் குறையாமல், அதே குண்டு குண்டுக் கையெழுத்தில்.

"அம்மா உங்க போனுக்கப்புறம் ரொம்ப நேரம் சிரிப்பாங்க அங்கிள். அப்புறம் இந்தப் பக்கத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க" என்றாள் உமா.

எதையும் பெரிதாக்கிச் சொல்லியே பழகிய எனக்கு, உள்ளதை உள்ளபடி சொல்ல அப்போதும் வரவில்லை. பக்கத்தின் ஓரத்தில் வரிசையாக ஆறு துண்டுகள். கடைசியில் மாம்பழ மஞ்சள். சாரதாவின் துணி ஒரு நூல்கூட மிச்சமில்லை என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தேன்.

உமா கத்தரிக்கோலால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தந்தாள். பிறகு, அம்மாவின் பெண்ணாயிற்றே, நோட்டில் எஞ்சிய ஓரத்தில் "இருபத்தாறாம் பக்கம், சாரிடம்" என்று எழுதித் தேதி போட்டாள்.

கோமதியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் மஞ்சளைத் தொட்டுப் பார்க்கிறேன். வரும் மார்கழியில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இதைத்தான், இவ்வளவுதான், சொல்வேன். கேட்கிறவர்தான் இல்லை.