டீப்பாயின் அடிப்பக்கம்

எங்கள் குடும்பத்தில் டீப்பாய் வாங்கக் கடைக்குப் போன முதல் ஆள் நான். மாற்றலாகிப் போகும் பட்டாளக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போன பழைய சாமான்களுக்கென்றே வெளிமாநில ஊரான திருமுல்கேரியில் ஒரு கடை உண்டு. அங்கே ஒரு தேக்கு டீப்பாய் பிடித்துப்போய், அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“தமிழாப்பா? நீங்க எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துக்கறேன்” என்றார் பக்கத்தில் நின்றவர். நரைத்த கிராப்பு, மடிப்புக் கலையாத சட்டை. கைக்குட்டையைத் தரையில் விரித்து மண்டியிட்டு, டீப்பாய்க்கு அடியில் தலையை நுழைத்தார். எந்த டீப்பாய் வந்தாலும் சாப் இப்படித்தான் பார்ப்பார் என்று கடைக்காரர் இந்தியில் சொன்னார்.

“கரையான் இருக்கான்னு பாக்கறீங்களா சார்?”

“இல்லப்பா. எங்க பொண்ணு சின்ன வயசுல டீப்பாய்க்கு அடியில படுத்துக்கிட்டு பூனையா வரைஞ்சு வச்சிருந்தா. மாற்றல் வந்தப்ப நான்தான் அதை வித்தேன். இப்ப அவ இல்ல.”

“கிடைச்சா வாங்கிடுவீங்களா சார்?”

“எங்க வாங்கறது? அவ அம்மா தாங்கமாட்டா. ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடுவேன்.”

இதில் பூனை இல்லை. “நல்ல மரம், எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டு போனார்.

இந்த ஊரில் யாரோ ஒருவர் அந்தப் பூனைகளுக்கு மேல் தினமும் காபியை வைத்துக் குடிக்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.