உரத்தில் வந்த பச்சை நூல்

நல்லூரில் அந்தத் தெருவில், முத்துப்பேச்சியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதவர் யாரும் கிடையாது. கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். புருஷன் பெருமாள்சாமி பனியன் கம்பெனியில் டெய்லர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அவருக்கு வாழ்க்கையில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. கம்பெனி வேன் வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பனியன்களில், தையல் முடிந்து தொங்கும் நூல் நுனிகளைப் பகல் முழுக்கக் கத்தரிப்பாள். பிசிர் வெட்டுவது என்பார்கள். தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு.

அப்பேர்ப்பட்ட வாயாடியும் மகள் ஆஷாவுக்கு மூச்சு இளைத்தால் பேச்சற்றுப் போவாள். தெருக்கோடியில், கல் உடைத்து எடுத்தபின் கைவிடப்பட்ட பாறைக்குழி ஒன்று இருந்தது. ஊர்க் குப்பையெல்லாம் அதில் விழும். யாராவது தீ வைத்துவிட்டுப் போவார்கள். துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும் அந்தப் புகை வந்தாலே பிள்ளைக்கு நெஞ்சில் விசில் அடிக்கும். ஜன்னலைப் பழைய போர்வையால் அடைத்தே வைத்திருந்தாள் முத்துப்பேச்சி.

அதனால்தான், இரண்டாயிரத்து ஏழில் நகராட்சி வீட்டுக்கு இரண்டு பக்கெட் கொடுத்து, மக்கும் குப்பையைத் தனியாகப் போடச் சொன்னபோது, தெருவே முனகியும் அவள் மட்டும் கோயில் பிரசாதம் போல வாங்கிக்கொண்டாள். துப்புரவு மேஸ்திரி திருமூர்த்தி தெருமுனையில் ஆட்களைக் கூட்டி விளக்கினார்.

"பிரிச்சுக் குடுத்தீங்கன்னா நகராட்சிக் கிடங்குல உரமாக்கிரலாமுங்க. குழியில கொட்டற வேலையே இருக்காதுங்க."

"கொட்டலைன்னா எரிக்கவும் மாட்டாங்க, அப்படித்தான?" என்றாள் முத்துப்பேச்சி.

"ஆமாங்கக்கா."

அவளுக்கு அது போதும். மறுநாளிலிருந்து குப்பை வண்டியின் மணிக்கு முன்னால் அவள் குரல் ஒலித்தது. முருங்கைச் சக்கையோடு ஷாம்புக் கவரைப் போட்டவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவளைத் திட்டிக்கொண்டேதான் எல்லோரும் பிரித்தார்கள். ஆனால் பிரித்தார்கள். பாறைக்குழியில் புகை நின்றது. ஜன்னல் போர்வை இறங்கியது.

கிடங்கில் உரம் தயாரானதும் கணியூர் விவசாயி சென்னியப்பன் டெம்போ கொண்டுவந்து முதல் லோடு எடுத்துப்போனார். அடுத்த முறை வந்தவர், போன லோடில் மீந்த மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, வேண்டாம் என்றார். திருமூர்த்தி தொங்கிய முகத்தோடு தெருவுக்கு வந்தார்.

"எடுக்க ஆளில்லீனா கிடங்குல இடம் பத்தாதுங்க. அடுத்த மாசத்துல இருந்து பழையபடி குழிதானுங்க."

முத்துப்பேச்சி கத்தரியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "எங்க உரத்தை வேண்டாங்கது எந்தச் சம்சாரி? நான் கேக்குதேன்!" விவசாயியை அவள் ஊரில் சம்சாரி என்பார்கள்.

கிடங்குக்கு அவள் போன வேகத்தைப் பார்த்தால் கணியூருக்கும் நல்லூருக்கும் போர் மூண்டுவிடும் போலிருந்தது. இன்னும் அங்கேயே நின்ற சென்னியப்பனோ சாவதானமாக ஒரு மூட்டையை அவிழ்த்து, உள்ளே கைவிட்டுச் சிக்குச் சிக்காக நூலை உருவிப் போட்டார்.

"களைக்கொத்துல சுத்துது, மாட்டு வாயில சிக்குது. இதை எப்படிங்க அம்மிணி வெள்ளாமைக் காட்டுல போடறது?"

"நூல் பஞ்சுதானய்யா? மக்கிப்போகும்லா?"

"பனியன்தானுங்க பஞ்சு. தைக்கிற நூலு பாலியஸ்டருங்க. அது எந்தக் காலத்துல மக்கறது?"

எந்த வீட்டுச் சோம்பேறி இதைப் போட்டது என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அந்தச் சிக்கில் கிளிப்பச்சை நூல் மினுங்கியது. தீபாவளிக்கு முன்னால் வந்த கிளிப்பச்சைப் பனியன்கள், தெருவில் அவள் வீட்டுக்கு மட்டும் வந்தவை. பிசிர் வெட்டியபின் வாசலைக் கூட்டி, வெங்காயத் தோலோடு நூலையும் மக்கும் பக்கெட்டில் தள்ளியது அவள் கைதான். ஊரையே விரட்டியவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறைத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் மறைக்கவில்லை. அங்கேதான் முத்துப்பேச்சி முத்துப்பேச்சியாக நிற்கிறாள்.

"இது என் வீட்டு நூலுய்யா," என்றாள். "அடுத்த உரத்தை ஒரு தடவை வந்து பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

"நூலில்லாம இருந்தா எடுத்துக்கறனுங்க," என்று சென்னியப்பன் கிளம்பிவிட்டார்.

அந்தப் பச்சை நூலோடு வீடு வீடாக ஏறினாள். தன் தப்பை முதலில் சொன்னாள், அப்புறம்தான் அடுத்தவர் பக்கெட்டைப் பார்த்தாள். இத்தனை நாள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் சும்மா விடுவார்களா? பக்கத்து வீட்டு நல்லம்மாள் சிரித்தபடி கேட்டாள்: "ஏனுங்க, ஊருக்குத்தானுங்களா உபதேசம்?"

"சொல்லுங்கக்கா, நல்லாச் சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு பழைய சேலையை எடுங்க."

அவள் கண்ட வழி இதுதான்: சேலையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து பிசிர் வெட்டுவது. முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, வெட்டிய பனியனோடு கம்பெனிக்கே அனுப்பிவிடுவது. அங்கே வேஸ்ட் துணி வாங்க வருகிறவர்கள் அதையும் அள்ளிக்கொள்வார்கள். வேன் டிரைவர் அந்தோணிராஜ் முதலில் முடியாது என்றார். முத்துப்பேச்சியிடம் சொன்னார் என்பதுதான் அவர் செய்த தப்பு. மறுநாள் முதல் மூட்டைகளை அவரே தூக்கி ஏற்றினார். இடத்துக்கு நெருக்கடி வந்தாலும், அடுத்த உரம் வரைக்கும் குழிப்பக்கம் போவதில்லை என்று திருமூர்த்தியும் தாக்குப்பிடித்தார்.

அந்த உரமும் தயாரானது. சென்னியப்பன் வந்து குத்தவைத்து, பேன் பார்ப்பதுபோல விரலால் அளைந்தார். பாதித் தெரு கிடங்கில் நின்றது. முத்துப்பேச்சி சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். ஒரு மூட்டை, இன்னொரு மூட்டை. மூன்றாவதில் அவர் விரல் நின்றது. உருவினார். ஒற்றை நூல்.

முத்துப்பேச்சி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வெள்ளை! எங்க தெருவுக்கு வெள்ளை வந்து ரொம்ப நாளாச்சு. இது அடுத்த தெரு!"

சொன்னதுதான் தாமதம், நூலோடு கிளம்பிவிட்டாள். சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒத்தை நூலுக்கு இந்தப் பாடு படற ஆளிருக்கறப்ப எனக்கென்னங்க பயம்? ஏத்துங்க மேஸ்திரி."

இனிப் பாறைக்குழி இல்லை. இந்த நல்ல செய்தி போய்ச் சேரவேண்டியவள் அதற்குள் அடுத்த தெருவில் முதல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏத்துறாங்கம்மா!" என்று கத்திக்கொண்டு ஆஷா ஓடினாள். கிடங்கிலிருந்து அந்தக் கதவுவரை ஒரே ஓட்டம். பிள்ளைக்கு மூச்சு இளைக்கவே இல்லை.