மச்சான் கொடுத்த வெல்டிங் மிஷின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தீப்பொறி பறந்தது. வெல்டிங் மிஷினில் இருந்து அல்ல. அதில் இருந்து ஒரு பொறிகூட வரவில்லை. சண்டையே அதனால்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். தைரியமாகவே சொல்லலாம். என் மனைவி மீனா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. ‘வீட்டுல கேக்குறது பத்தாதா?’ என்பது அவள் கட்சி.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவனுக்கு வெல்டிங் எதற்கு? நியாயமான கேள்விதான். மாடியில் பூந்தொட்டி வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று விளாங்குடியில் ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்தேன். ‘நாளைக்கு வாரேன் சார்’ என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. அவருக்காகக் காத்திருந்த நேரத்தில் செல்போனில் வெல்டிங் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கக் கை நமநமத்தது. நாமே செய்தால் என்ன?

புது மிஷின் எதற்கு, பொழுதுபோக்குக்குப் பழசு போதும் என்று முடிவெடுத்தேன். பழைய மிஷினை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்கும் வீடியோ இருக்கிறது. கையோடு ஒரு இரும்புத் துண்டு கொண்டுபோக வேண்டும். அங்கேயே ஒரு வெல்டிங் கம்பி, அதாவது ராடு, போட்டு எரித்துப் பார்க்க வேண்டும். ஒயர் வெடித்திருக்கிறதா, பெட்டி சூடேறுகிறதா... எல்லாம் எனக்கு மனப்பாடம்.

விற்கிறவர் மச்சானாக இருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் வீடியோ இல்லை.

மச்சான் என்றால் மீனாவின் உடன்பிறந்த அண்ணன். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டம், துரவு என்று இருக்கிறார். கலப்பைக் கொழு, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கேட்டு என்று எது உடைந்தாலும் தானே ஒட்டிக்கொள்வார். பெரிய மிஷின் வாங்கியதும் சின்னது சும்மா கிடந்தது. ‘மாப்ளைக்கு இல்லாததா? வந்து எடுத்துக்கிட்டுப் போங்க’ என்றார்.

போனேன். இரும்புத் துண்டையும் பையில் மறைத்து எடுத்துக்கொண்டுதான் போனேன். போனதும் இலை போட்டார்கள். வெள்ளாட்டுக் கறிக்குழம்பு, சுக்கா, ரத்தப் பொரியல். ‘இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க மாப்ள’ என்று மச்சான் தன் கையாலேயே அள்ளி வைக்கிறார். அவ்வளவும் சாப்பிட்டுவிட்டு, ‘மிஷின் ஓடுதான்னு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க மச்சான்’ என்று எந்த வாயால் கேட்பது? இரும்புத் துண்டு போனபடியே திரும்பி வந்தது. கூடவே மிஷினும் வந்தது.

வீட்டு வாசலில் மீனா ஆரத்தித் தட்டோடு நின்றாள். எனக்கு அல்ல, மிஷினுக்கு. பிறந்த வீட்டில் இருந்து ஒரு பொருள் வருகிறது என்றால் சும்மாவா? சுற்றிப் போட்டு, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, பூ சுற்றி... எங்கள் கல்யாணத்தில் எனக்குக்கூட அவ்வளவு அலங்காரம் இல்லை.

மறுநாள் முகமூடி மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. உள்ளே ஃபேன் ஓடியது. ராடை எடுத்து இரும்பில் உரசினேன். ஒன்றுமில்லை. தட்டினேன், தேய்த்தேன். வேறு ராடு மாற்றினேன். ம்ஹூம். கரும்பலகையில் சாக்பீஸ் தேய்த்தால்கூட நாலு துகள் பறக்கும்.

“பழசுன்னா பழசுதான்” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மீனா திரும்பினாள். “யாரச் சொல்றீங்க?”

“மிஷினத்தான் சொன்னேன்.”

“மிஷினு யாரு கொடுத்தது? எங்கண்ணே ஓட்டச் சாமான உங்க தலையில கட்டிட்டாருன்னுதானே சொல்ல வாரீங்க? ஒங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு ஒரு நாளும் ஒத்துக்க மாட்டீங்க.”

அப்புறம் என்ன? தோசைக்குச் சட்னி நின்று இட்லிப்பொடி வந்தது. பேச்சுவார்த்தை சுவர் வழியாக நடந்தது. அதோடு விட்டாளா? ஊருக்கு ஃபோன் போட்டு, ‘நீ கொடுத்தது ஓடலையாம்ணே’ என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. விளையாட்டு இல்லை. தை மாதம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலையைத் தொட்டுக் கொடுக்காமல் எங்கள் பக்கம் பெண் மணமேடை ஏறாது. தட்டுச்சீர் எடுத்து முன்னால் வர வேண்டியவர் அவர். மாமனுக்கு மூக்கு மேல் கோபம் வந்து கல்யாணமே நின்ற கதைகள் எங்கள் வகையறாவில் உண்டு. அதெல்லாம் பத்திரிகையில் பெயரை மாற்றிப் போட்டதற்கு, பந்தியில் முதலில் உட்கார வைக்காததற்கு. நான் மனுஷனையே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் வாசலில் பைக் சத்தம். மச்சான்தான். கையில் ஒரு பை நிறையக் கத்திரிக்காய். முகத்தில் சிரிப்பு இல்லை. ‘காப்பி அப்புறம் குடிக்கலாம்’ என்று நேராக மாடிக்கு ஏறினார். நான் பின்னால், எனக்குப் பின்னால் மீனா.

“ஓடலைன்னா நானே தூக்கிட்டுப் போயிர்றேன் மாப்ள. நமக்குள்ள இம்புட்டு மனவருத்தம் எதுக்கு?” என்றார்.

மச்சான் குந்த வைத்து உட்கார்ந்தார். வெல்டிங் மிஷினில் இரண்டு ஒயர். ஒன்றில் ராடு மாட்டுவோம். இன்னொன்றின் நுனியில் ஒரு கொக்கி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பைப் பெரிதாகச் செய்த மாதிரி. எர்த் கிளிப் என்பார்கள். அது இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தால்தான் நெருப்பு வரும். அந்தக் கொக்கியை அழுத்தி வாயைப் பிளந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

வாய் நிறையச் சந்தனம்.

மீனா ஒரு பல் விடாமல் குழைத்து அப்பியிருக்கிறாள். அது காய்ந்து சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. கரண்டு எப்படிப் போகும்? நான் முன்னால் பார்க்கவில்லையா? பார்த்தேன். பொட்டுத்தானே என்று விட்டுவிட்டேன். நம் ஊரில் பொட்டு இல்லாத மிஷின் ஏது?

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... இட்லிப்பொடிக்கும் சுவரோடு பேசியதற்கும் சேர்த்துச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

“ஆத்தா, வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. அந்தப் பக்கம் திரும்பி நில்லு” என்றார். மீனா திரும்பினாள். மடியில் இருந்து பைக் சாவியை எடுத்து, பல் பல்லாகச் சுரண்டினார். வேட்டி நுனியால் துடைத்தார். கொக்கியை இரும்பில் மாட்டி, என் முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ராடை உரசினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சடசடவென்று சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தைச் சமீபத்தில் நான் கேட்டதில்லை.

மச்சான் முகமூடியைக் கழற்றினார். “தப்பு எம்மேலதான் ஆத்தா. உள்ள ஒரு ஒயரு லூசா இருந்துருக்கு. பாக்காமக் கொடுத்துட்டேன். மாப்ள சொன்னது சரிதான்.”

பைக் வரைக்கும் வழியனுப்பப் போனேன். “ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?” என்றேன்.

“விடுங்க மாப்ள. நம்ம வீட்டுச் சாமானுன்னு ஆசையா வச்ச பொட்டு. அதாலதான் ஓடலன்னு தெரிஞ்சா அது மனசு என்னத்துக்கு ஆகும்?”

சொல்லிவிட்டுக் கிக்கரை மிதித்தார். வேட்டி நுனியில் சந்தனக் கறை. பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷம் ஆகிறது, அவளுக்கு இப்படி ஒரு அண்ணன் இருப்பதை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். தை மாதம் முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

உள்ளே வந்தால் மீனா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “பாத்தீங்களா, எங்கண்ணே தப்புன்னதும் எப்படி ஒத்துக்கிட்டாரு? நீங்களும்தான் இருக்கீங்களே.”

நான் தட்டை நீட்டினேன். சட்னி நன்றாக இருந்தது.

பூந்தொட்டி ஸ்டாண்டு கொஞ்சம் சாய்வாக நிற்கிறது. அது என் கைவேலை, மச்சான் மேல் பழி இல்லை. மிஷின் குணமானதில் மீனாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் புதுச் சந்தனம் வைக்கிறாள், ஒரு பல் விடாமல்.

சனிக்கிழமை நான் மாடிக்கு ஏறும்போது ராடோடு சேர்த்து ஒரு பழைய டூத் பிரஷ்ஷையும் எடுத்துக்கொள்கிறேன்.