லேப்டாப்புக்கு ஒரு சும்மாடு

புயல்மேகத்தை ஜீப்பில் துரத்திப்போய், எங்கே மழை கொட்டும் என்று விவசாயிகளுக்குச் செய்தி அனுப்புவாள் என் மகள். அன்று துணைக்கு நானும் போனேன். வண்டி குலுங்கியதில் லேப்டாப் அடிக்கடி அணைந்தது. அடி அண்ணாமலை கிராமத்துக் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, செய்தியோ போகவில்லை. போர்த்திக்கொள்ள எடுத்துவந்த பழைய புடவையை மடித்து, நானாகவே லேப்டாப்பின் அடியில் வைத்தேன். குலுக்கல் அடங்கியது. ஆனால் சூடேறி மறுபடியும் அணைந்துவிட்டது.

"அடியில காத்து போவணும்மா. சூடு ஜாஸ்தியாயிடுச்சு பாரு!" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. புடவையை முறுக்கி, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடுபோல வளையமாகச் சுற்றி வைத்தேன். நடுவில் காற்று போனது; லேப்டாப் அணையாமல் ஓடியது.

"இதுக்குமா சும்மாடு!" என்று சிரித்தபடியே செய்தியை அனுப்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் களத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்: "தார்ப்பாய் போட்டு மூடியாச்சுங்க. இனிமே கொட்டட்டும்!"